சதுரத்துக்கு வெளியே தூங்கியவர்

பிள்ளைகளா, போன வாரம் நீங்கள் இருவரும் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. ஒரு படம் எடுத்தால் அப்பாவின் கேமராவில் மட்டும் ஏன் இரண்டு கோப்பு விழுகிறது, அதில் ஒன்று நம் கம்ப்யூட்டரில் லேசில் திறக்க மாட்டேன் என்கிறதே, அதையெல்லாம் அழித்தால் விளையாட்டுக்கு இடம் கிடைக்குமே என்று கேட்டீர்கள். நான் கத்திவிட்டேன். கத்தியது தப்பு. அழிக்கக் கூடாது என்றது தப்பில்லை. அதில் ஒரே ஒரு கோப்புக்காக நான் ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

முதலில் அந்த இரண்டும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பது ரா, பச்சை என்று அர்த்தம். கேமராவுக்குள் விழுந்த வெளிச்சம் முழுவதும் அதில் அப்படியே இருக்கும். படகிலிருந்து இறக்கிய மீன் மாதிரி. பார்க்க அழகாக இருக்காது, இடத்தை அடைக்கும், கழுவி நறுக்கத் தெரிந்தவன் கையில் கொடுத்தால்தான் உபயோகம். இன்னொன்று ஜேபெக். அது மீன் குழம்பு. கேமராவே தனக்குத் தெரிந்த உப்பு காரம் போட்டு, வேண்டாததை வெட்டி எறிந்து, சமைத்துக் கொடுத்துவிடும். யார் போனிலும் உடனே திறக்கும். ஆனால் குழம்பிலிருந்து மீனை மறுபடி எடுக்க முடியாது. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் சுடவைத்த குழம்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டும் வரும்.

இது தெரியாமலேயே நான் பல வருஷம் கல்யாணப் படம் எடுத்திருக்கிறேன்.

அப்போது செங்கல்பட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரிடம் நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆர்டர் பிடிப்பது அவர், ஆல்பம் போடுவது அவர், கேமராவைத் தூக்கிக்கொண்டு நிற்பது நான். கேமரா என்னுடையது. ஆனால் உள்ளே போடுகிற மெமரி கார்டு அவருடையது. எங்கள் தொழிலில் அதுதான் வழக்கம். விசேஷம் முடிந்ததும் கார்டை உருவி ஸ்டுடியோக்காரர் கையில் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடவே உட்கார வேண்டும். நாள் வேலைக்காரன் ஒரு காப்பிகூட வைத்துக்கொள்ள மாட்டான். வைத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றவும் செய்யாது. ஊரார் கல்யாணம், நமக்கெதற்கு?

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. மணப்பெண் மேக்கப் முடிந்து வருகிற வரைக்கும் காரில் தூங்குவார். கதவைத் திறந்து போட்டு, சீட்டைச் சாய்த்து, காலை வெளியே நீட்டிக்கொண்டு, வாயைப் பிளந்து. எங்கள் புகைப்படக்காரர்கள் சங்கத்தில் எல்லோருக்கும் இது தெரியும். அதைச் சொல்லிக் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு நாள் காலை மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ஜோடியைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. ஜோடி வரவில்லை. அவர் வழக்கம் போலத் தூங்கிவிட்டார். நான் சும்மா நிற்காமல் மீனவர் குப்பத்துப் பக்கம் நடந்தேன். நாலு பேர் ஒரு ஃபைபர் படகை அலைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்கள். படகின் மூக்கு மேலே எழும்பிய நேரத்தில் ஒருவர் தாவி ஏறினார். ஒரு கால் படகில், இன்னொரு கால் அந்தரத்தில், அவருக்குப் பின்னால் சுவர் மாதிரி அலை. முகத்தில் பயம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது, பஸ்ஸுக்கு லேட்டானவர் மாதிரி. ஒரே ஒரு படம்தான் எடுத்தேன். எடுத்ததுமே தெரிந்துவிட்டது, இனி இது மாதிரி ஒன்று என் கைக்கு வராது என்று.

அது ஜேபெக்கில், அவருடைய கார்டில் விழுந்தது. மதியம் சோற்றுக்கு முன்னால் கார்டை உருவிக் கொடுத்துவிட்டேன். அந்தப் படத்தை மட்டும் எனக்குக் கொடுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். "தரேன் தரேன், ஹார்டு டிஸ்க்கு எங்கியோ கீது" என்றார்.

அந்தப் படகுப் படத்தை நான் அடுத்த முறை பார்த்தது சங்கத்தின் கண்காட்சியில். செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் வருஷா வருஷம் நடக்கும். இரண்டடிக்கு மூன்றடியாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். வானத்தை ஆரஞ்சு மிட்டாய் நிறத்துக்கு மாற்றியிருந்தார். கீழே அவர் பெயர். முதல் பரிசு.

அவர் கேடயம் வாங்கும்போது படம் எடுக்கச் சொன்னது யாரை என்று நினைக்கிறீர்கள்? என்னைத்தான். எடுத்தேன். கை பழக்கத்தில் ஃபோகஸ் கூடச் சரியாக வைத்தேன்.

பிறகு வாசலில் பிடித்துக் கேட்டேன்.

"அண்ணே, அந்தப் படகு படம் நான் எடுத்தது."

"யாரு இல்லன்னது? உன் வெரலு அமுக்குச்சி. கார்டு யாருது?"

"உங்களுது."

"கார்ல இட்டுகினு போனது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் இன்னா? கார்டுல கீறது எல்லாம் என்னுது. உள்ள போயி பிரியாணி துன்னு, ஆறிடப் போவுது."

சங்கத் தலைவர் ஒரு பாய். பஜாரில் பிரிண்ட் போடும் லேப் வைத்திருப்பவர், வாய்க்கு வந்ததைப் பேசாதவர். அவரிடம் போனேன். ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார்.

"தம்பி, நீ சொல்றத நான் நம்புறேன். நான் நம்புனா பத்துமா? ஒரிஜினலு உன்னாண்ட கீதா?"

"இல்ல பாய். கார்ட குடுத்துட்டேன்."

"அவராண்ட கீது. உன்னாண்ட இல்ல. நாளைக்கு சங்கத்துல கேட்டா நான் இன்னான்னு சொல்றது?"

பாய் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வீட்டுக்கு வர ஊரப்பாக்கத்துக்கு ரயில் ஏறி உட்கார்ந்தபோது என் உடம்பெல்லாம் அந்தக் 'கார்டுல கீறது எல்லாம் என்னுது' தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குக் கேடயம் வேண்டாம். ஸ்டுடியோக்காரர் திருடன் என்பது அதே மண்டபத்தில், அதே ஆட்கள் முன்னால், அவர் வாயாலேயே வெளியே வர வேண்டும். அது ஒன்றுதான் வேண்டும் என்று முடிவு செய்தேன். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "இன்னொருத்தர்கிட்ட வேலைக்குப் போங்களேன்" என்றாள். போகவில்லை. போய்விட்டால் எப்படிப் பிடிப்பது?

அதற்கப்புறம்தான் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிக்கூடத்தில் படிக்காததைச் செங்கல்பட்டுக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ரயிலில், போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். என் கேமராவில் கார்டு போட இரண்டு பொந்து இருந்தது. இரண்டாவது பொந்தை வாங்கின நாளிலிருந்து நான் திறந்ததே இல்லை. ஒன்றில் ரா, மற்றொன்றில் ஜேபெக் என்று பிரித்து விழவைக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. இனி இரண்டாவது பொந்தில் என் கார்டைப் போட்டு விசேஷத்தை ராவிலும் எடுக்கட்டுமா என்று ஸ்டுடியோக்காரரிடமே கேட்டேன். ஒளித்துச் செய்தேன் என்று பின்னால் பேச்சு வரக் கூடாது இல்லையா.

"ரா கீ எல்லாம் வேணாம்பா. நம்ம சாஃப்ட்வேர்ல அது தொறக்கவே தொறக்காது. ஜேபெக்கு குடு, போதும். அந்த ராவ நீயே வச்சிகினு ஊறுகா போடு."

அவர் கம்ப்யூட்டரில் இருந்தது ரொம்பப் பழைய திருட்டுக் காப்பி சாஃப்ட்வேர். பூட்டை உடைத்துப் போட்டது என்பதால் அதைப் புதுப்பிக்கவும் முடியாது. என் கேமரா புதுசு, அதன் ரா அதற்குப் புரியாது. ஊரில் பாதி ஸ்டுடியோ ராவை வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான், தரம் கிரம் எல்லாம் இல்லை. நானும் அதே திருட்டுக் காப்பியைத்தான் வைத்திருந்தேன். அழித்துவிட்டு, காசு வாங்காமல் கொடுக்கிற ஒரு சாஃப்ட்வேரை இறக்கிக்கொண்டேன். முதல் ஒரு மாதம் ஒன்றும் புரியவில்லை. ஒரு திருடனைப் பிடிக்கத் திருட்டுச் சரக்கோடு போகக் கூடாது என்று மட்டும் மனதில் இருந்தது.

பிறகு அவரே எனக்கு இன்னொன்றைக் கையில் கொடுத்தார். "இனிமே எல்லாத்தையும் சதுரமா எடுப்பா. போன்ல போட்டா அப்பத்தான் பெருசா தெரியுது" என்றார். கேமராவைச் சதுரத்துக்கு மாற்றினேன். மாற்றிய அன்றே வீட்டில் இரண்டு கோப்பையும் திறந்து பார்த்தேன். சதுரம் ஜேபெக்குக்கு மட்டும்தான். ரா சதுரமாகவில்லை. இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டது எல்லாம் ராவில் பத்திரமாக இருந்தது. அவர் கையில் சதுரம், என் கையில் முழுசு.

அப்புறம் நான் காத்திருந்தது மூன்று விஷயத்துக்கு. காற்று இல்லாத ஒரு காலை, கொளவாய் ஏரி, தூங்குகிற அவர்.

செங்கல்பட்டுக்கு ரயிலில் வருகிறவர்களுக்குத் தெரியும். பரனூர் தாண்டியதும் ஏரி வரும். காற்று அசையாத நாளில் தண்ணீருக்குள் இன்னொரு ரயில் தலைகீழாகக் கூடவே ஓடும். எதிர்க்கரையில் நின்று எடுத்தால் எப்படி இருக்கும் என்று நான் தினம் ஜன்னலில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன்.

ஒரு நாள் அணுபுரத்தில் ஒரு பெண் வீட்டு நலங்குக்குப் போக வேண்டும். விடியும்போதே ஸ்டேஷனுக்கு வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார். உடனே பெண் வீட்டிலிருந்து போன். மேக்கப் போடுகிற அம்மா வரவில்லை, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள் என்று.

"பேஜாரு. எங்கனா வண்டிய ஓரங்கட்டி கண்ண மூடலாம்" என்றார்.

"ஏரிக்கரையில போட்டுக்கலாம்ணே, நெழலா இருக்கும்" என்றேன் நான்.

ஐந்து நிமிஷத்தில் குறட்டை. கதவு திறந்திருந்தது, கால் வெளியே இருந்தது. கார்க் கதவில் ஸ்டுடியோ பெயர் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. ஏரியில் ஒரு சுருக்கம்கூட இல்லை. என் கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தால் முழு அகலமும் தெரியும், நடுவில் சதுரத்துக்கு மெல்லிய கோடு இருக்கும். முதலில் நின்ற இடத்திலிருந்து கார் தெரியவில்லை. பத்தடி பின்னால் போனேன். இன்னும் இரண்டடி இடது பக்கம் நகர்ந்தேன். கோட்டுக்கு உள்ளே ஏரி, கோட்டுக்கு வெளியே வலது ஓரத்தில் மரத்து இருட்டில் கார். அந்த இரண்டடி தற்செயல் இல்லை. உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. வேண்டுமென்றே வைத்த அடி.

ரயில் வந்தது. மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் ஜன்னலாக. மேலே ஒன்று, தண்ணீரில் ஒன்று. நடுவில் ஒரு கொக்கு எழும்பியது. அமுக்கினேன்.

மதியம் அவர் கார்டை உருவிக் கொடுத்தேன். என் கார்டு என் சட்டைப் பையில் இருந்தது. படம் நல்லா வந்திருக்கு என்றுகூடச் சொல்லவில்லை. நல்ல படம் எது என்று அவருக்குத் தெரியும். அதில் அவர் கண் யாருக்கும் குறைந்ததில்லை.

அடுத்த கண்காட்சி வர ஐந்து மாதம் இருந்தது. அவர் எடுக்காமல் விட்டுவிடுவாரோ என்று அந்த ஐந்து மாதமும் பயந்தேன். திருடாமல் போய்விடப் போகிறாரே என்று ஒருவன் கவலைப்பட்டதை நீங்கள் எங்கும் கேட்டிருக்க மாட்டீர்கள்.

திருடினார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் எதிரே ரயில். சதுரமாக, பெரிதாக, இந்த முறை வானத்தை ஊதாவாக்கியிருந்தார். கீழே அவர் பெயர். மறுபடியும் முதல் பரிசு. எனக்கு வந்த சந்தோஷத்தில் இரண்டு டீ குடித்தேன்.

பரிசு வாங்கியவர் அந்தப் படத்தை எப்படி எடுத்தார் என்று மேடையில் பேசுவது சங்கத்தின் வழக்கம். பின்னால் திரையில் படத்தைக் காட்டுவார்கள். லேப்டாப்பும் புரொஜெக்டரும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று பாய் கேட்டபோது, "நம்ம ஆளு கீறான், அவன் பாத்துப்பான்" என்று என்னைக் கைகாட்டியவர் அவர்தான். லேப்டாப்பும் என்னுடையதுதான்.

மைக்கைப் பிடித்தார். விடியலில் ஏரிக்குள் இறங்கினாராம். இடுப்பளவு தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் நின்றாராம். காலை மீன் கடித்ததாம். "கொக்கு எப்ப பறக்கும்னு கண்ண சிமிட்டாம பாத்துகினே இருந்தேன்" என்றபோது கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தட்டி ஓய்ந்ததும் எழுந்து நின்றேன்.

"பாய், இந்தப் படத்தோட ரா என்னாண்ட கீது. போடட்டுமா?"

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். போன வருஷம் ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். "போடு" என்றார்.

ரா திறந்தது. அது எப்போதும் முதலில் வெளுத்துப்போய்த்தான் இருக்கும். பின் வரிசையில் யாரோ, "இன்னாப்பா, சோகை புடிச்ச மாரி கீது" என்றார். ஆனால் அதே ரயில், அதே கொக்கு, அதே இறக்கை. இரண்டு பக்கமும் கூடுதலாக இடம் இருந்தது. வலது ஓரம் மட்டும் ஒரே கறுப்பு.

"இது வேற படம். பக்கத்துல நின்னு இவனும் ஒண்ணு எடுத்திருப்பான்" என்றார் அவர்.

"நீங்க எங்கண்ணே நின்னீங்க?"

"தண்ணிலப்பா. எத்தினி வாட்டி சொல்றது?"

ராவுக்கு ஒரு குணம் உண்டு. இருட்டு என்று நாம் நினைக்கிற இடத்திலும் அது எதையாவது பிடித்து வைத்திருக்கும். ஜேபெக் தூக்கி எறிந்துவிடும், ரா எறியாது. சாஃப்ட்வேரில் நிழலை வெளுக்க ஒரு கோடு இருக்கிறது, இடமிருந்து வலமாக இழுக்க வேண்டும். நான் அதைப் பிடித்து இழுத்தேன். ஒரே இழுப்பில் இழுத்திருக்கலாம். மெதுவாகத்தான் இழுத்தேன். போன வருஷத்து வாசலை நினைத்துக்கொண்டு இழுத்தேன்.

முதலில் மரம் வந்தது. பிறகு காரின் கூரை. பிறகு கதவு, கதவில் ஸ்டுடியோ பெயர். பிறகு இரண்டு உள்ளங்கால். கடைசியாக, சாய்ந்த சீட்டில், பிளந்த வாயோடு அவர்.

முதலில் ஒருவர்தான் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. நான் முகத்தை இன்னும் பெரிதாக்கினேன். உதட்டு ஓரத்தில் ஒழுகினது வரைக்கும் தெரிந்தது.

அவருக்கு மூஞ்சி சிவந்துவிட்டது. மைக் கையில் இருப்பதையே மறந்து கத்தினார். "நான் தூங்கச் சொல்லோ எவன்டா உன்ன போட்டோ எடுக்கச் சொன்னது?"

அது ஸ்பீக்கரில் வந்தது. பாய் எழுந்து, நிதானமாகக் கேட்டார்.

"அப்ப தூங்கினு கீறது நீங்கதான். சரி. ரயில எடுத்தது யாரு?"

அவர் மைக்கை வாயிலிருந்து இறக்கினார்.

"போன வருஷத்து படகு?"

அவர் மைக்கை மேஜை மேல் வைத்துவிட்டு நடந்தார். வழியில் யாரோ, "அண்ணாத்த, மீனு கடிச்ச எடத்துல மருந்து போட்டுக்க" என்றார்கள். பாய் அந்தச் சதுரப் படத்தைச் சுவரிலிருந்து தானே கழற்றினார். இனி ரா இல்லாமல் எந்தப் படமும் கண்காட்சிக்கு எடுக்கமாட்டோம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒழுகுனத நல்லா பெருசு பண்ணிக் காட்டினீங்களா?" என்று கேட்டாள்.

இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் எனக்குப் படகு வேண்டும். அவ்வளவு பேர் முன்னால் அவர் வாய் அடைத்துப்போன பிறகும், அந்தப் படகில் தாவினவர் முகம் என்னிடம் இல்லையே. ஒரு வாரம் கழித்து ஸ்டுடியோவுக்குப் போனேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பென் டிரைவை மேஜை மேல் வைத்தேன்.

"படகு படம் குடுங்கண்ணே. ஒரிஜினலு."

"ஒரிஜினலு எங்க கீது? அது மேலதான் கலர் போட்டேன்."

"எத்தினி வாட்டி?"

"யாருக்குத் தெரியும். வானம் புடிக்கல, மாத்துனேன். திரும்ப மாத்துனேன். அதே பேர்லதான் சேவ் ஆவும்."

கொடுத்தார். வீட்டில் திறந்து பார்த்தேன். ஆரஞ்சு வானம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அலை பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. தாவினவர் முகத்தில் அந்த எரிச்சல் இல்லை. முகமே இல்லை, மாநிறத்தில் ஒரு பூச்சு மட்டும் இருந்தது. திருடினதைக்கூட நான் ஒரு நாள் மறந்திருப்பேனோ என்னவோ. சுடவைத்துச் சுடவைத்து அந்த முகத்தைக் கரைத்ததை மறக்க மாட்டேன். எந்த சாஃப்ட்வேராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எல்லாவற்றிலும் முயன்று பார்த்துவிட்டேன்.

அதனால்தான் கம்ப்யூட்டரில் இடம் இல்லை. அதனால்தான் அன்றைக்குக் கத்தினேன். நீங்கள் நாளைக்கு எதை எடுத்தாலும், போனில் எடுத்தாலும், முதல் கோப்பின் மேல் எதையும் சேமிக்காதீர்கள். வேறு பெயரில் சேமியுங்கள். கார்டு யாருடையதாக இருந்தாலும், உருவிக் கொடுப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஏரிப் படத்தை, ராவிலிருந்து ஒழுங்காகத் திருத்தி, அச்சுக்குக் கெடாத டிஃப் கோப்பாகப் போட்டு, பாய் லேபில் பெரிதாக அச்சடித்து வாங்கினேன். ஹாலில் மாட்டப் போகிறோம். பிரேம் கடைக்காரர் வலது ஓரத்தில் விரலை வைத்து, "சார், இங்க எவனோ தூங்கினு கீறான். படத்தையே கெடுக்கிறான். வெட்டிரட்டா?" என்று கேட்டார்.

வெட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அது யார் என்று கேட்பார்கள். நான் வீட்டில் இல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், ஒன்று விடாமல்.